முகப்புப் பக்கத்தில் நான் வைத்த முதல் வரி

1. அறையில் இருந்தவர்கள்

அன்றைக்கு வெள்ளவத்தை மலர்ச்சாலையின் ஒபிஸ் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால் முதலாளி குணரத்தினம் ஐயா. அவருக்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு மகள் தர்சினி. எதிரே என்னுடைய முதலாளி ரிஸ்வான். அவருக்குப் பக்கத்தில் நான். கதவடியில் வாகனத் திறப்புக் கோர்வையைக் கையில் வைத்துக்கொண்டு சாரதி சுனில். சுவரில் மாலையோடு இருந்த ஐயாவின் தகப்பனாரைச் சேர்த்தால் ஆறு. அடுத்த அறையில் பெட்டிக்குள் ஒருவர் இருந்தார். அவரையும் எண்ணுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பயம் வந்தால் என் மனம் இப்படித் தேவையில்லாத இடத்தில் போய் நிற்கும்.

கொழும்பில் மலர்ச்சாலை என்றால் பூக்கடை அல்ல. இறந்தவரைக் குளிப்பாட்டி, உடல் பழுதாகாமல் எம்பாம் பண்ணி, பெட்டியில் வைத்து, சுடலை வரைக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிற இடம். ஐயாவின் தகப்பனார் கொட்டாஞ்சேனையில் தொடங்கியது. வெள்ளவத்தையில் இருப்பது ஐயா போட்ட இரண்டாவது. வெள்ளவத்தை தொடர்மாடிகளில் எத்தனையோ தாய் தகப்பன் தனியே இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். அவர்களில் ஒருவர் கண்ணை மூடினால் மலர்ச்சாலையைத் தேடுகிறவர் கொழும்பில் இல்லை. அங்கே எங்கேயோ குளிருக்குள் நின்று தொலைபேசியில் தேடுகிறார். அதனால்தான் ஐயாவுக்கு இணையத்தளம் தேவைப்பட்டது. அதைச் செய்து கொடுத்தது ரிஸ்வானின் ஒபிஸ். காலி வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல் இரண்டு அறை.

என் வேலை கொன்டென்ட். எது மேலே வரவேண்டும், எது கீழே போகவேண்டும், பட்டனில் என்ன எழுத வேண்டும் என்று பார்ப்பது. ஆண்டு ஒன்பதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் பல வருசம் மரண அறிவித்தல் தட்டினேன். ஒரு தொலைபேசி இலக்கம் பிழைத்தால் செத்த வீட்டுக்காரர் நேரே அச்சகத்துக்கு வந்து நிற்பார்கள். அந்தப் பயத்தைத்தான் நான் தொழில் என்று படித்தேன். கணினியெல்லாம் பிறகு வந்தது.

"ஆக்கள் வருகினமோ?" என்று ஐயா கேட்டார்.

"வாறாங்க ஐயா. ரிப்போட்ல ஈக்குது. கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ்" என்றார் ரிஸ்வான். "வாறாங்க, பாக்குறாங்க, ஒடனே போறாங்க."

"ஏன் போகினம்? பிரேதம் எழும்பி நிண்டு பாக்குதோ?"

தமிழ் பாதி விளங்கிய சுனில் குனிந்து சிரித்தார். தர்சினி சிரிக்கவில்லை. "முதல் பக்கத்திலயே போகினம் அப்பா. கீழ ஒருத்தரும் வாறேல்லை" என்றாள்.

ஐயா மேசையில் இருந்த பேனையை எடுத்து நேராக வைத்தார். "மூண்டு மாசம் பாப்பம். அந்தப் பக்கத்தைப் பாத்திட்டு வெளிநாட்டில இருந்து ஆக்கள் போன் எடுக்கவேணும். எடுக்காட்டி மாசக் காசை நிப்பாட்டுறன். கோவிக்கக்கூடாது."

வெளியே வந்ததும் படியடியில் ரிஸ்வான் நின்றார். "ஜெயந்தி அக்கா, மறைக்காம செல்றேன். ஐயாட மாசக் காசுலதான் ஒங்கட சம்பளம் போகுது. சாரிக் கடைக்காரன் அவன்ட வெப்சைட்ட நிப்பாட்டிட்டான். இதுவும் போனா ஒங்கள வெச்சிக்கொள்ள எனக்கு ஏலா."

அவர் நல்ல மனிதர். அதனால்தான் முகத்தைப் பார்த்துச் சொன்னார். எனக்கு ஐம்பது கிட்டிவிட்டது. கிருலப்பனையில் ஓர் அறை, வாடகை. ஆண்டு ஒன்பது படித்த ஐம்பது வயதுப் பெண்ணை வெப்சைட் வேலைக்கு இன்னோர் இடத்தில் எடுப்பார்களா என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் இருந்து, இறங்க வேண்டிய ஹோல்ட்டை விட்டுவிட்டேன். திரும்பி நடந்தேன்.

2. போகிறவரை மறிக்கிற பெட்டி

பழைய முகப்புப் பக்கம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

திறந்தவுடன் வீணை வாசிக்கும். ‘நல்வரவு’ என்று பொன் நிற எழுத்து இடமும் வலமும் ஆடும். பிறகு நான்கு படம் மாறி மாறி வரும். ஐயாவின் தகப்பனார், ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்துகிற படம், பூ வைத்த புது வாகனம், மண்டபம். அதற்குக் கீழே தகப்பனார் தொழில் தொடங்கிய வரலாறு, நீளமாக. அதற்கும் கீழே ஐயாவின் செய்தி. எல்லாவற்றுக்கும் அடியில், சிறிய எழுத்தில், தொலைபேசி இலக்கம். அதற்கு அடியில் ‘மீண்டும் வருக’.

இது போதாது என்று ரிஸ்வான் ஒரு பொப்-அப் பெட்டியும் போட்டிருந்தார். பக்கத்தை மூடப் போனால் அந்தப் பெட்டி குறுக்கே வரும். ‘போகாதீர்கள், ஒரு நிமிடம்’ என்று எழுதியிருக்கும். சாரிக் கடைக்கு அது நன்றாக வேலை செய்தது. போக நினைத்த பெண்கள் நின்று இன்னும் இரண்டு சாரி பார்த்தார்கள். அந்த டிசைனை அப்படியே தூக்கி மலர்ச்சாலைக்குப் போட்டிருந்தோம்.

அந்தக் கூட்டம் நடந்து சில நாளில் நானும் ரிஸ்வானும் திரும்பப் போயிருந்தபோது லண்டனிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஐயாவுக்கு வலது காது கொஞ்சம் மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார். எங்களுக்கும் கேட்டது. ஒரு பெண் குரல்.

"நீங்கள் தமிழ் ஆக்களோ?"

"ஓம் அம்மா. சொல்லுங்கோ."

"தமிழ் ஆக்கள் எண்டால் சொல்லுங்கோ, செத்த வீட்டில வாசல்ல நிண்டு ஆரும் வாங்கோ வாங்கோ எண்டு கூப்பிடுவினமோ? அப்பா செத்து ஒரு மணித்தியாலம் ஆகேல்லை. உங்கட பக்கத்தைத் திறந்தால் நல்வரவு எண்டு ஆடுது. மூடுவம் எண்டால் போகாதேங்கோ எண்டு மறிக்குது. அடியில மீண்டும் வருக. இன்னும் ஆர் சாகவேணும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறியள்?"

ஐயா பதில் சொல்வதற்குள் அவர் வைத்துவிட்டார்.

எங்களுடைய செத்த வீடுகளில் வருகிறவரை வரவேற்பதில்லை. அவர் பாட்டில் வந்து இருப்பார். போகும்போது ‘போட்டு வாறன்’ என்று சொல்வதும் இல்லை. எழும்பிப் போய்விடுவார். சொல்லிக்கொண்டு போனால் அந்த வீட்டுக்கு இன்னொரு செத்த வீட்டுக்கு வருகிறேன் என்றாகிவிடும். இது எங்கள் ஐந்து பேரில் சுனிலுக்குக்கூடத் தெரியும். தெரிந்துகொண்டு, மாதக்கணக்காக, போகிறவரை வாசலில் நின்று மறித்திருக்கிறோம்.

"எங்கட மையத்து வூட்டுலயும் அப்பிடித்தான் ஐயா. யாரும் ‘வாங்க’ எண்டு செல்றல்ல" என்றார் ரிஸ்வான். "தெரியாம இல்ல. யோசிக்கல்ல."

"யோசிக்கிறதுக்குத்தானே ஐசே நான் காசு தாறன்" என்றார் ஐயா.

அன்றைக்கே பெட்டியை எடுத்தோம். நல்வரவை எடுத்தோம். வீணையை நிறுத்தினோம். அப்படியும் வந்தவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். மூன்று மாதத்தில் ஒரு மாதம் போயிருந்தது.

3. தொலைபேசியில் ஐயா

வரலாற்றைச் சுருக்கி எழுதித் தருகிறேன் என்று ஐயா சொன்னதால் நான் மலர்ச்சாலையில் போய் இருக்கத் தொடங்கினேன். அவர் எழுதவே இல்லை. ஆனால் நான் இருந்த நாட்களில் அவர் தொலைபேசியில் கதைப்பதைக் கேட்டேன். அங்கேதான் எனக்கு வழி தெரிந்தது.

பக்கத்தில் அவ்வளவு நீளமாகப் பேசுகிற மனிதர் தொலைபேசியில் மூன்று வசனத்துக்கு மேல் பேசமாட்டார். எதிர்ப் பக்கத்தில் அழுதால் பேசாமல் இருப்பார். கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி போனால் அது போய் முடியும்வரை பொறுத்திருப்பார். ஒருவரும் அவரிடம் மலர்ச்சாலை எந்தக் காலத்தில் தொடங்கினது என்று கேட்டதை நான் கேட்கவில்லை.

அழைத்தவர்கள் கேட்டதெல்லாம் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில்தான் வந்தது. முதலில், "நான் வருமட்டும் வைச்சிருக்கலாமோ?" பிறகு, என்ன கடதாசி வேண்டும், யார் எடுப்பது. பிறகு, ஐயரா, பாதிரியாரா, யார் ஒழுங்கு செய்வது. கடைசியில், குரலைத் தாழ்த்தி, வெட்கப்பட்டுக்கொண்டு, எவ்வளவு முடியும்.

முதல் கேள்விக்கு ஐயா எப்போதும் ஒரே பதில்தான் சொல்வார். "யோசியாதேங்கோ. நீங்கள் வருமட்டும் அம்மாவை நாங்கள் பாத்துக்கொள்ளுவம்." எதிர்ப் பக்கத்தில் மூச்சு இறங்குவது கேட்கும். அதற்குப் பிறகு, குரல் மாறாமல், "டிக்கட் போட்டாச்சோ? எண்டைக்கு இறங்குறியள்? பத்து நாளுக்கு மேல எண்டால் கஷ்டம் பாருங்கோ" என்பார்.

பக்கத்தையும் அந்த ஒழுங்கிலேயே வைக்கலாம் என்று நினைத்தேன். மேலே ஐயா சொல்கிற பதில். அதன் கீழே தொலைபேசி இலக்கம், நடுங்குகிற விரலுக்கும் தப்பாத அளவு பெரிய பட்டன். அதன் கீழே ‘இப்போது செய்ய வேண்டியது’ என்று மூன்றே விசயம். பிறகு கிரியைகள். பிறகு விலை, ஒளிக்காமல். தகப்பனாரும் வரலாறும் ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்துக்குள்.

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "அப்பாவைக் கழட்டிறியோ பிள்ளை?"

"கழட்டேல்லை ஐயா. உள்ளுக்கு வைக்கிறம்."

"உள்ளுக்கை போய் ஆர் பாக்கிறது?"

"பாக்க வேண்டிய ஆக்கள் பாப்பினம் ஐயா."

"பொய் சொல்லாத." சுவரைப் பார்த்தார். "சரி, வை. அந்த மனுசன் சனம் கூடிற இடத்தில நிக்க விரும்பாத ஆள்தான். நான்தான் பிடிச்சு முன்னுக்கு நிப்பாட்டினனான்."

முதல் வரியை நான் இப்படி எழுதினேன்: ‘நீங்கள் வரும்வரை அவர்களை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.’

தர்சினி அதை வாசித்துவிட்டு, "எத்தினை நாள் எண்டு போடவேண்டாமோ அக்கா?" என்று கேட்டாள்.

"அதை அப்பா போனில சொல்லுவார்தானே" என்றேன்.

நாள் கணக்கை அந்த வரிக்குப் பக்கத்தில் வைத்தால், டிக்கட் இல்லாதவர், விசா இழுபடுகிறவர், லீவு கிடைக்காதவர் எல்லாரும் அந்த இடத்திலேயே பக்கத்தை மூடிவிடுவார்கள் என்று எனக்குப் பட்டது. வந்தவரைப் போகவிடாமல் வைப்பதுதானே எனக்குச் சொல்லப்பட்ட வேலை. அதோடு என் அறை வாடகையும் அந்த வரியில் இருந்தது. ஐயாவின் பதிலை எடுத்துக்கொண்டேன். அதன் பின்னால் அவர் கேட்கிற கேள்வியை விட்டுவிட்டேன்.

4. முதல் அழைப்பு

பக்கம் மாறியதிலிருந்து எனக்குச் சரியாக நித்திரை இல்லை. பஸ்ஸில் இருந்துகொண்டு என் தொலைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறப்பேன். இலக்கம் சரியா என்று ஒவ்வொரு எண்ணாகப் பார்ப்பேன். பட்டனை அழுத்துவேன். ஐயா எடுப்பார். "பிள்ளை, நீ தானே? பாக்கிறது காணும், வை" என்பார்.

ரிப்போட்டில் மாற்றம் தெரிந்தது. வந்தவர்கள் நின்றார்கள், கீழே இறங்கினார்கள், விலை வரைக்கும் போனார்கள். ஆனால் அழைப்பு வரவில்லை. இரண்டாவது கிழமை, நான் அங்கே இருந்த ஒரு காலை, பிரான்ஸிலிருந்து ஒருவர் எடுத்தார். இளம் குரல். அவருடைய அம்மா கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு தொடர்மாடியில் தனியே இருந்தவர். விடிய பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டியிருக்கிறார், திறக்கவில்லை.

ஐயா தன் மூன்று வசனத்தையும் சொன்னார். டிக்கட் போட்டாச்சோ என்று கேட்டார்.

"இந்தக் கிழமை வருவன் ஐயா. கட்டாயம் வருவன்."

"நல்லது. எங்கட நம்பர் எப்பிடித் தம்பி கிடைச்சது?"

"வெப்சைட்டில பாத்தனான்."

ஐயா என்னைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். ஒன்று. எனக்கு உடம்பெல்லாம் ஆறுதல் பரவியது. பின்னேரம் ஒபிஸுக்குப் போனபோது ரிஸ்வான் கீழ்க் கடையில் ரோல்ஸ் வாங்கி வைத்திருந்தார். "சாப்பிடுங்க அக்கா. ஒங்கட வேல தப்பிச்சு." ஒரு தாய் செத்ததற்கு ரோல்ஸ் சாப்பிடுகிறேன் என்ற எண்ணம் ஒரு கடிக்குப் பிறகு வந்தது. மிச்சத்தைப் பேப்பரில் சுற்றி வைத்தேன்.

அதற்குப் பிறகு வேறு அழைப்புகளும் வந்தன. கனடாவிலிருந்து ஒன்று, சுவிஸிலிருந்து ஒன்று. அவர்கள் வந்து, கிரியை செய்து, காசு கட்டிவிட்டுப் போனார்கள். பிரான்ஸ் தம்பி வரவில்லை.

முதலில், வெள்ளிக்கிழமை தெரியும் என்றார். பிறகு, திங்கட்கிழமை. பிறகு, முதலாளி லீவு தரவில்லை, அடுத்த கிழமை. தெஹிவளையிலிருந்து ஒரு தூரத்து உறவுக்காரர் ஆரம்பத்தில் இரண்டு தரம் வந்து பார்த்தார். அவரும் வராமல் விட்டார். மலர்ச்சாலையில் பிரேதம் வைக்க இரண்டு அறைதான் இருந்தன. ஒன்றில் அந்த அம்மா. இன்னொரு குடும்பம் வந்தபோது இடமில்லாமல் கொட்டாஞ்சேனைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. எம்பாம் பண்ணுகிறவர் திரும்பத் திரும்ப வந்தார். ஒவ்வொரு தரமும் காசு. ஒவ்வொரு தரமும் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்.

நான் அந்த அறைக் கதவைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு போவேன். மணம் எதுவும் இல்லை. இருந்துவிடுமோ என்ற பயம்.

அந்த அம்மா வந்து மூன்றாவது கிழமை முடிகிறபோது ஐயா என்னையும் ரிஸ்வானையும் கூப்பிட்டார். தர்சினி இருந்தாள். ஐயா பிரான்ஸுக்கு எடுத்தார்.

"தம்பி, நான் உமக்குத் தகப்பன் மாதிரி. உண்மையைச் சொல்லும். உமக்கு அங்க விசா இருக்கோ?"

"கேஸ் நடக்குது ஐயா. வெளிக்கிட்டால் திரும்ப விடமாட்டாங்கள்."

"அப்ப எப்பிடித் தம்பி வருவீர்?"

"முடிவு வந்தால் வரலாம். இந்த மாசம் இல்லாட்டி அடுத்த மாசம் எண்டு லோயர் சொல்லுறார்."

"அடுத்த மாசம் வரைக்கும் பிரேதம் வைச்சிருக்கலாமோ தம்பி?"

"நான் எத்தினையோ இடம் பாத்தனான் ஐயா. எல்லா இடமும் எத்தினை நாள் எண்டு எழுதியிருந்தது. மூடிப்போட்டு வந்தனான். உங்கட பக்கத்தில மட்டும்தான் அப்பிடி இல்லை. நான் வருமட்டும் பாத்துக்கொள்ளுவம் எண்டு இருந்தது. அதை வாசிச்சுப்போட்டுத்தான் எடுத்தனான்."

ஐயா தொலைபேசியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். இலக்கம் பிழைத்த மரண அறிவித்தலைக் கையில் வைத்துக்கொண்டு அச்சகத்துக்கு வருகிறவர்கள் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"எழுதிப் போட்டிட்டு இல்லை எண்டு நான் சொல்லேலாது" என்றார், தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு. "நீதானே எழுதினது. நீ கதை."

5. முகம்

தொலைபேசியை வாங்கினேன். ஸ்பீக்கரை நிறுத்தினேன்.

"தம்பி, நான் ஜெயந்தி. அந்தப் பக்கம் எழுதிற ஆள்."

"அக்கா, நீங்கள் அம்மாவைப் பாத்தனீங்களோ?"

"இல்லை" என்றேன். மூன்று கிழமையாக அந்தக் கதவைத் தாண்டியிருக்கிறேன். பார்க்கவில்லை.

"ஒருக்காப் பாத்திட்டுச் சொல்லுங்கோ அக்கா. முகம் எப்பிடி இருக்கு எண்டு. ஐயா ஒவ்வொரு நாளும் நல்லா இருக்கு எண்டுதான் சொல்லுறார்."

சுனில் கதவைத் திறந்துவிட்டார். "மிஸ், பயம் வேணாம்" என்றார். தொலைபேசியோடு உள்ளே போனேன். சின்ன உருவம். நீல நிறக் கரை போட்ட சாரி. யாரோ நெற்றியில் திருநீறு ஒழுங்காகப் பூசியிருந்தார்கள். கைகளைக் கோர்த்து வைத்திருந்தார்கள். முகம், கண்ணைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் கறுக்கத் தொடங்கியிருந்தது. பவுடர் போட்டு மறைத்திருந்தார்கள். மறையவில்லை.

என் வேலை ஆட்களை நிற்க வைக்கிற மாதிரி எழுதுவது. அந்த நேரத்தில் என் வாயில் வந்ததும் அப்படியொரு வசனம்தான். நித்திரை மாதிரி இருக்கிறா, தம்பி. அது வந்து நாக்கில் நின்றது. சொன்னால் அவர் இன்னும் ஒரு கிழமை வைத்திருக்கச் சொல்லுவார்.

"முகம் கறுத்துப் போச்சு தம்பி" என்றேன். "பவுடர் போட்டிருக்கினம். அப்பிடியும் தெரியுது. இனி நாளுக்கு நாள் கூடும்."

இங்கே கோச்சி ஒன்று போனது. ஐயா செய்கிற மாதிரி, அது போய் முடியும்வரை பொறுத்திருந்தேன்.

"அப்ப அனுப்புங்கோ அக்கா."

அடுத்த நாள் கனத்தைச் சுடலையில் தகனம். தெஹிவளை உறவுக்காரரைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தோம். அவர்தான் கொள்ளி வைத்தார். ஐயர் ஒருவர், ஐயா, நான், பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேர். சுனில் தன் தொலைபேசியை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குள் பிரான்ஸில் ஏதோ ஒரு சமையலறையில், வேலை உடுப்போடு, அந்தத் தம்பி நின்றார். முகம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அம்மாவின் முகவெட்டு. பெட்டி உள்ளே போனபோது சிக்னல் போய்ப் படம் நின்றுவிட்டது. சுனில் அது தெரியாமல் கடைசிவரை கையை இறக்கவில்லை. நான் அவருக்குச் சொல்லவில்லை.

6. வரியை மாற்றியது

அடுத்த கிழமை முதல் வரியை மாற்றினேன். ‘நீங்கள் வரும்வரை, ஆகக் கூடியது பத்து நாட்கள், அவர்களை நாங்கள் பார்த்துக்கொள்வோம். அதற்கு மேல் என்றால் முதலில் எங்களோடு கதையுங்கள்.’ ஐயா வாசித்தார்.

"இது சரி. ஆனால் வாசிச்சுப்போட்டுச் சிலபேர் போவினம்."

"ஓம் ஐயா. போவினம்."

"போகட்டும்" என்றார்.

போனார்கள். ரிப்போட்டில் தெரிந்தது. நின்றவர்களில் ஒரு பங்கு மறுபடியும் அந்த வரியிலேயே மூடிக்கொண்டு போனார்கள். அவர்களில் எத்தனை பேர் விசா இல்லாத பிள்ளைகள் என்று ரிப்போட் சொல்லாது. நான் நினைத்துப் பார்க்காத நாள் குறைவு.

ஐயா கணக்குப் போட்டார். அறை, எம்பாம், பெட்டி, தகனம், ஐயர், எல்லாம் சேர்த்து. தம்பி சிறுகச் சிறுகக் கட்டுவதாகச் சொன்னார். ஐயா ரிஸ்வானைக் கூப்பிட்டு, அந்தத் தம்பி கட்டி முடிக்கும்வரை மாசக் காசு இல்லை என்றார். சத்தம் போடவில்லை. "எனக்கும் அறை வாடகை இருக்கு ஐசே" என்றார்.

ரிஸ்வான் படியடியில் திரும்பவும் நின்றார். இந்த முறை என் முகத்தைப் பார்க்கவில்லை. "எழுதினது நீங்க அக்கா. கழிபடுறது என்ட காசு. நான் என்ன செய்ற?"

அந்த மாதத்தோடு நின்றேன். இப்போது கிருலப்பனை அறையில் இருந்துகொண்டு துண்டு துண்டாக வேலை செய்கிறேன். டியூஷன் வகுப்பு, பல் வைத்தியர், ஒரு பலசரக்குக் கடை. வாடகை ஒரு மாதம் முந்தும், ஒரு மாதம் பிந்தும். மலர்ச்சாலைப் பக்கத்தில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் தர்சினி எனக்குத்தான் எடுப்பாள். காசு கேட்பதில்லை. அவளும் தருகிறேன் என்று சொல்வதில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வருகிறவர் கேட்கிற ஒழுங்கில் பக்கத்தை அடுக்குங்கள். வீணையும் வேண்டாம், ஆடுகிற எழுத்தும் வேண்டாம். தொலைபேசி இலக்கத்தை மேலே வையுங்கள், ஒவ்வொரு எண்ணாகப் பாருங்கள். இதெல்லாம் சரியாகச் செய்தால் ஆள் நிற்பார். ஆனால் எந்த வரியை வாசித்து அவர் நின்றாரோ அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். கடைக்காரர் வாயால் சொல்கிறதை எடுக்கும்போது அதோடு சேர்த்து அவர் கேட்கிறதையும் எடுங்கள். போகவேண்டியவர் போகட்டும். பக்கத்தை மூடிவிட்டுப் போனவர் வேறு இடம் பார்ப்பார். நாங்கள் பொய்யாக நிறுத்தி வைத்தவருக்கு வேறு இடம் இல்லை.

பிரான்ஸ் தம்பி முதல் சில மாதம் ஒழுங்காக அனுப்பினார். பிறகு விட்டு விட்டு அனுப்பினார். கேஸ் இன்னும் முடியவில்லையாம். அனுப்ப முடியாத மாதங்களில் ஐயாவுக்கு எடுக்க வெட்கப்பட்டு எனக்கு ஒரு செய்தி போடுவார். "அக்கா, இந்த மாசமும் கொஞ்சம் கஷ்டம். ஐயாவிட்டச் சொல்லிவிடுங்கோ." நான் ஐயாவுக்கு எடுத்துச் சொல்வேன். ஐயா "ம்" என்பார். போன கிழமையும் அப்படி ஒரு செய்தி வந்தது.

இன்னும் கட்ட வேண்டியது இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.